பிறகு நினைவூட்டு

கண்ணாடிக் கடையில் முதலாளி முதல் தரை துடைக்கிற அம்மா வரை எல்லோரும் அவரை அரைமில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணின் நடுவும் லென்ஸின் நடுவும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும், அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலிதான் என்பது அவர் கட்சி. தள்ளிப்போன லென்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்று வெட்டுவார். முதலாளிக்கு வயிறு எரியும். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவர் கைபட்ட கண்ணாடி ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரை வாராவாரம் வேண்டுமென்றே கெடுத்துவைக்கிறார் என்று சொன்னால் கடையில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அதுவும் மூன்று வருஷமாக.

கம்ப்யூட்டர் மகளுடையது. கல்லூரிக்குப் போகும்போது வாங்கியது. அவள் அறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில், அவள் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது. அவள் வேலை கிடைத்து வெளிநாட்டுக்குப் போய் ஏழு வருஷம். அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரு பெண் குழந்தை. நடுவில் ஒரே ஒரு தடவை, நாலு வருஷத்துக்கு முன்னால், பத்து நாள் வந்தாள். அந்தப் பத்தில் எட்டு நாளை அவருடைய மனைவி வழிச் சொந்தக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மீதி இரண்டு நாள் அவள் தூங்கினாள். அரைமில்லி கடைக்கு லீவு போட்டுவிட்டு, தூங்குகிற மகள் இருக்கிற வீட்டில் சத்தம் வராமல் நடமாடிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாளைத்தான் அவர் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பார்.

போன் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்த வீட்டில் போன் என்றால் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே நடக்கிற விஷயம். அவர் மனைவிக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. நாற்பது நிமிஷம் மூச்சு விடாமல் பேசுவாள். மாடிவீட்டுக்காரி தண்ணீர்த் தொட்டியை வழியவிட்டது, தன் முட்டிவலி, மகளுடைய மாமியாரின் முட்டிவலி, எல்லாம் ஆன பிறகு, "இந்தா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசு" என்று போனை நீட்டுவாள்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"ம். நீ?"

"ம். மாத்திரை போட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"சரிப்பா. வெச்சிடவா?"

அவ்வளவுதான். மனைவியிடம் எல்லாம் பேசித் தீர்த்துவிட்ட மகளிடம் இன்னும் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியாது. அவளும் அவரைப் போலத்தான். வாய் பேசுவது அம்மாவிடமிருந்து அவளுக்கு வரவே இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு கேட்டிருக்கலாமே என்று பத்து கேள்வி தோன்றும். பற்களைக் கடித்துக்கொண்டு நியூஸ் பார்ப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் நிஜமாகவே கெட்டது. மின்கட்டண ரசீதை அச்சடிக்க முடியவில்லை. மகளுக்கு மெசேஜ் அனுப்பினார். அவள் ஒரு சின்ன புரோகிராமைப் போடச் சொன்னாள், அதில் வருகிற எண்ணைக் கேட்டாள், கொடுத்தார். உடனே திரையில் இருந்த அம்புக்குறி அவர் தொடாமலே நகர்ந்தது.

அவர் சட்டென்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அம்பு மேலே போயிற்று, கீழே வந்தது, ஒரு பெட்டியைத் திறந்தது, மூடியது. எங்கே எது இருக்கிறது என்று தெரிந்த வீட்டில் விளக்கைப் போடாமல் நடக்கிறவளைப் போல அது போய்வந்தது. ரசீது அச்சாகி வெளியே விழுந்தது. அப்புறம் அம்பு கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தது. அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

"அப்பா, இருக்கீங்களா?"

மனைவி அடுத்த அறையில் மதியத் தூக்கத்தில் இருந்தாள். பேசினால் எழுந்துவிடுவாள். அரைமில்லி ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி "இருக்கேன்" என்று அடித்தார். அதற்கே ஒரு நிமிஷம் ஆயிற்று. மறுபக்கம் அவள் காத்திருந்தாள். போனில் அந்த ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் லைன் போய்விட்டதோ என்று இரண்டு பேரும் ஹலோ ஹலோ என்று கத்தியிருப்பார்கள். இங்கே ஒன்றும் ஆகவில்லை. அவர் மெதுவாக யோசித்து அடித்தார், அவள் மெதுவாகப் பதில் அடித்தாள். முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அவள் அம்மாவிடம் சொல்லாததை அவரிடம் சொன்னாள். அந்த வாரம் ஆபீஸில், கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம். காரணம் சொல்லவில்லை. அரைமில்லி "திரும்பி வந்துடு" என்று அடித்தார். அடித்துப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. குழந்தை, மாப்பிள்ளை, வேலை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கே வருவாள்? கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். அதே திரைதான் அவளுக்கும் தெரிகிறது என்பது பாதி அழித்த பிறகுதான் உறைத்தது. அம்பு அந்த வரிக்குப் பக்கத்திலேயே அசையாமல் நின்றது. முழுக்க அழித்துவிட்டு, "தண்ணி நிறைய குடி" என்று அடித்தார்.

"குடிக்கிறேன்பா" என்று அவள் அடித்தாள். பிறகு பக்கத்தை மூடினாள். சேமிக்கவா என்று அது கேட்டது, வேண்டாம் என்று அம்பு அழுத்தியது.

அடுத்த ஞாயிறு அவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் அழகாக ஓடிக்கொண்டிருந்தது, சனியன். மறு ஞாயிறும் அப்படியே. சும்மா வா என்று மகளை எப்படிக் கூப்பிடுவது? வேலையும் குழந்தையுமாக அல்லாடுகிறவளை? மூன்றாவது ஞாயிறு, திரையின் அடியில் இருக்கிற பட்டையை மவுஸால் பிடித்து இடது ஓரத்துக்கு இழுத்துவிட்டார். நாலு மணிக்கு மகளுக்கு மெசேஜ் போயிற்று. "கீழே இருந்தது பக்கத்தில் போய்விட்டது. என்ன என்று தெரியவில்லை."

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு அம்பு நகர்ந்தது.

அதற்குப் பிறகு மனிதர் இதில் தேர்ந்துவிட்டார். கெடுப்பதும் ஒரு வேலை என்றால் அதையும் அரைமில்லிக் கணக்கில்தான் செய்வார். பழுது அவளைப் பதற வைக்கக் கூடாது. வங்கிப் பக்கம் போகக் கூடாது. ஒரு படம், ஒரு கடிதம் தொலையக் கூடாது. அதே சமயம் இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிடவும் கூடாது. எழுத்துகளைப் பூதாகாரமாக ஆக்கினார். பிரிண்டரை ஒளித்துவைத்தார். ஒரு வாரம் திரையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு, புதன்கிழமையே செய்துவிட்ட அவசரத்தில், ஞாயிறு வரைக்கும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு மெயில் படித்தார். மனைவி கடந்து போகும்போது பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏத்த மாதிரிதான் அதுவும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு தடவை கணக்கு பிசகியது. இன்டர்நெட் செட்டிங்கில் கையை வைத்தார். நாலு மணிக்குத்தான் புரிந்தது, அவள் உள்ளே வருகிற வழியையே அடைத்துவிட்டோம் என்று. மெசேஜில் அவள் சொல்லச் சொல்ல இவர் அழுத்திப் பார்த்தார், வழிக்கு வரவில்லை. "சரிப்பா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அவள் போய்விட்டாள். ஆறு மணிக்கு அவரே அதைச் சரிசெய்தார். சரியான கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அந்த வாரம் கடையில் இரண்டு லென்ஸ் உடைந்தது.

பத்திரமாகக் கெடுக்க வேண்டுமென்றால் அந்த மிஷினை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? தெரிந்துகொண்டார். கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒருநாள் தன் கம்ப்யூட்டர் தகராறு செய்கிறது என்று புலம்ப, அரைமில்லி எட்டிப் பார்த்து இரண்டு தட்டில் சரிசெய்துவிட்டு வந்தார். அதிலிருந்து தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவரைத்தான் தேடி வந்தார்கள். ஊர் கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மனிதரின் வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் வாராவாரம் நோயில் விழுந்தது. மகளிடம் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த நீலப் பெட்டி வந்து நின்றது.

இந்த இயங்குதளத்துக்கான பாதுகாப்பு விரைவில் முடிகிறது, புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்றது. அடியில் இரண்டு பொத்தான். ஒன்றில் "இப்போதே" என்றும் மற்றதில் "பிறகு நினைவூட்டு" என்றும் இருந்தது. அவர் இரண்டாவதை அழுத்தினார். மறுநாளும் வந்தது, மறுநாளும் அழுத்தினார். இப்படி நாலு மாதம். கடன்காரனைக்கூட அவ்வளவு நாள் யாரும் வாசலிலேயே நிறுத்திவைத்திருக்க மாட்டார்கள்.

மகள் அதைப் பார்க்காமல் இருப்பாளா? வந்த முதல் வாரமே வெற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டாள். பழையதில் திருடர்கள் சுலபமாக நுழைவார்கள், வங்கி வேலையெல்லாம் அதில் செய்கிறீர்கள், உடனே மாற்ற வேண்டும் என்றாள். பார்க்கலாம் என்றார். ஒவ்வொரு வாரமும் அவள் கேட்பாள், ஒவ்வொரு வாரமும் இவர் பிடிகொடுக்காமல் குழந்தையின் பல்லைப் பற்றி விசாரிப்பார். கடைசியில் அவள் அவருக்கு ஆசை காட்டுவதாக நினைத்துக்கொண்டு எழுதினாள்.

"புதுசு ரொம்ப நல்லதுப்பா. இந்தப் பட்டை எல்லாம் இடம் மாறவே மாறாது. தன்னைத்தானே சரிபண்ணிக்கும். நான் உள்ள வர்ற இந்த புரோகிராம் அதுல ஓடாது, ஆனா அதுக்குத் தேவையே இருக்காது. இனிமே உங்களுக்குத் தொல்லை இல்ல."

அரைமில்லி அந்தக் கடைசி வரியை நாலைந்து தடவை படித்தார். தொல்லை யாருக்கு என்று கேட்கத் தோன்றியது.

உள்ளே வர வேறு புரோகிராம்கள் இருக்கின்றன, அது அவருக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரருக்கு அவரேதான் ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். அந்தக் கடையின் கம்ப்யூட்டரைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் அவர்தான், ஒரு மணி நேரத்தில். ஆகவே தெரியாமல் இல்லை, பயமும் இல்லை. எல்லாம் சரியாக ஓடுகிற கம்ப்யூட்டருக்கு மகளை எதைச் சரிபார்க்க வா என்று கூப்பிடுவது? அங்கேதான் அவர் மனசு முட்டிக்கொண்டு நின்றது. கடையில் லென்ஸை வைத்து நடுப்புள்ளி குறிக்கும்போதுகூட அதே யோசனைதான். வாரத்தில் முக்கால் மணி நேரம், அதுதான் மகளில் அவருடைய பங்கு. அதை எந்தப் பதிப்புக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

விட்டுக்கொடுக்க வைத்தது மனைவி. அவளுக்கு விஷயம் தெரியாது, சும்மாதான் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"உங்க டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்களேன். மாப்பிள்ளை சொல்லி வருத்தப்பட்டார். இங்க நாலு மணின்னா அவளுக்கு அங்க விடிகாலை அஞ்சரையாம். வாரத்துல அவ படுத்துத் தூங்குறது அந்த ஒரு காலைதான். அதுலயும் அலாரம் வெச்சு எழுந்து உங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றா. அன்னிக்கு மட்டும் குழந்தையை மாப்பிள்ளை பாத்துக்கிறார், மத்த நாள்ல அது தூங்க விடாது."

அரைமில்லி எழுந்து கையைக் கழுவினார். குழாயை மூட மறந்துவிட்டார்.

ஒரு லென்ஸில் அரை மில்லி தள்ளினால் பொறுக்காத மனிதர், பத்தரை மணி நேர வித்தியாசத்தை மூன்று வருஷமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. மனைவி மகளிடம் பேசுவது சாயங்காலத்தில். அங்கே அப்போது காலை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும், ஞாயிறு நாலு மணி என்றால் இரண்டு பேருக்கும் நாலு மணிதான் என்பதுபோல இருந்துவிட்டார். தூக்கம் கலைந்து, டீ குடித்து, சட்டையை மாற்றிக்கொண்டு அவர் உட்காருகிற நேரம் அது. தன் மகளும் அப்படித்தான் எங்கோ ஒரு மாலை வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். வந்திருந்த இரண்டு நாளும் அவள் எப்படித் தூங்கினாள் என்பது நினைவுக்கு வந்தது. அப்படித் தூங்குகிறவளைத்தான் வாராவாரம் தட்டி எழுப்பியிருக்கிறார், ஒரு பட்டையை இடது பக்கம் இழுத்துவிட்டு. அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் கடை. வீட்டுக்கு வந்ததும் படங்களையும் கடிதங்களையும் பென் டிரைவில் ஏற்றினார். நீலப் பெட்டி வழக்கம் போல எட்டிப் பார்த்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாக மற்ற பொத்தானை அழுத்தினார்.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. விழுக்காடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபத்து மூன்றில் நின்றபோது ஒரு நிமிஷம், இப்படியே நின்றுபோனால் நன்றாயிருக்கும், நாளைக்கு அவளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்று ஒரு அற்ப ஆசை வந்தது. அறுபத்து நாலு ஆயிற்று. கடைசியில் எல்லாம் பளிச்சென்று வந்து நின்றது. பட்டை அடியில் நடுவாக உட்கார்ந்திருந்தது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அவள் உள்ளே வருகிற புரோகிராமைத் தட்டினார். இந்தப் பதிப்பில் இது இயங்காது என்று பதில் வந்தது.

மகளுக்கு மெசேஜ் அனுப்பினார். "புதுசுக்கு மாத்திட்டேன். எல்லாம் நல்லா ஓடுது. நாளைக்கு நீ எழுந்திரிக்க வேண்டாம். நல்லாத் தூங்கு." படித்துவிட்டாள் என்பதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டீயைக் குடித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, மேஜைக்கு முன்னால்தான் போய் உட்கார்ந்தார். வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. திரை சுத்தமாக இருந்தது. அம்பு அவர் விட்ட இடத்தில் இருந்தது. அவர் நகர்த்தினால் நகர்ந்தது. இனி எல்லா ஞாயிறும் இப்படித்தான் என்று நினைத்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

நாலேகாலுக்குப் போன் அடித்தது. மனைவி எடுத்தாள். உற்சாகமாக ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் கொஞ்சம் கோபமும் நிறைய ஆச்சரியமும் இருந்தது.

"உங்களத்தான் கேக்கிறா," என்றாள். போனைக் கொடுத்துவிட்டு, போகவும் மனமில்லாமல் நின்று, பிறகு போய்விட்டாள்.

அரைமில்லி போனைக் காதில் வைத்தார். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஹலோ என்று யாரும் கத்தவில்லை.

"ஏம்மா எழுந்தே? தூங்கச் சொன்னேனே."

"தூக்கம் வரலப்பா. பத்து நிமிஷமா உள்ள வரப் பாக்கிறேன். வர முடியல."

"அது இதுல ஓடாதே. நீதானே சொன்னே."

"தெரியும்." அவள் மூச்சு விடுவது கேட்டது. "தெரிஞ்சுதான் பாத்தேன்."

எல்லாம் சரியாக இருக்கிறது, எழுத்து பளிச்சென்று தெரிகிறது, பிரிண்டர்கூட வேலை செய்கிறது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அவள் ம் கொட்டிக்கொண்டே இருந்தாள். அவர் சொல்லி முடித்ததும் கேட்டாள்.

"ஒண்ணும் கெட்டுப்போகலைன்னா நான் வரக்கூடாதாப்பா?"

வேறு புரோகிராம் இருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் போட்டுவிடலாம், நேரத்தை வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம், நீ நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு வா என்று சொல்லத்தான் அரைமில்லி வாயெடுத்தார். அதெல்லாம் வரவில்லை.

"நேர்ல வா பாப்பா," என்றார். "உன்னைப் பாக்கணும் போல இருக்கு."

முப்பத்தோரு வருஷத்தில் மகளிடம் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான். சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. மறுபக்கம் அவள் அழுகிறாளா, காலண்டரைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பதில் வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தார்.